பீரோச் சாவி

(திண்டுக்கல்லில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பூட்டு செய்கிற ஊரில் பூட்டைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் சிலருடைய தாத்தா பட்டறையில் உட்கார்ந்து லீவர் ராவியவராக இருப்பார். நான் பேச வந்தது பூட்டுக்கு வெளியே நடப்பதைப் பற்றி. வீட்டுக்கு வந்த விருந்தாளி பூட்டிய பீரோவின் முன்னால் நிற்கும்போது அவர் முகம் என்ன ஆகிறது, அதைப் பார்க்கிற வீட்டுக்காரியின் மனம் என்ன ஆகிறது என்பதைப் பற்றி. இதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு நாற்பது வருஷமாக இது சின்ன விஷயமாக இருந்ததில்லை.

1984ஆம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. புகுந்த வீடு கூட்டுக் குடும்பம். எங்கள் அறையில் என் அம்மா வீட்டுச் சீராக வந்த ஒரு பீரோ. அதன் சாவி, காலண்டர் மாட்டிய ஆணியிலேயே தொங்கும். பூட்டுவது வழக்கம், ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டுக்கே தெரியும். அப்படிப் பூட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை.

ஒரு காதுகுத்துக்காக என் மாமியாரின் தங்கை வந்திருந்தார். சின்னத்தை என்று கூப்பிடுவோம். குளித்துவிட்டு வந்தவருக்குத் துவாலை வேண்டியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்திருக்கிறார். கீழ்த்தட்டில் துவாலைக்கு அடியில், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. மணியார்டர் ரசீதுகள். என் சம்பளத்திலிருந்து மாதம் 60 ரூபாய் என் அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு அம்மாவுக்கு வேறு வருமானம் கிடையாது. என் கணவருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது.

ஈரத்தலையோடு அந்தக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னத்தை கூடத்துக்கு வந்தார். "ஏக்கா, இது என்னன்னு பாரு. மாசா மாசம் ரசீதாவுல இருக்கு?"

கூடத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர் குரலில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. கீழே கிடந்த சில்லறையை எடுத்து யாருடையது என்று கேட்கிற குரல்தான் அது. என் மாமியார் என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் விஷயம் எப்படியோ சுற்றிக்கொண்டு என் அம்மா காதுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் அனுப்பிய பணம், வாங்க மறுத்ததாக எழுதித் திரும்பி வந்தது. சாகும்வரை அம்மா என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

மாமியாரிடம் மறைத்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். நானே என்னைப் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறைத்திருக்க வேண்டாம் என்றுதான் இன்று தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்வதா வேண்டாமா, எப்போது சொல்வது, யார் வாயால் சொல்வது என்பதெல்லாம் என் கையில் இருந்தது. ஒரு துவாலைக்காகத் திறந்த கதவு அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது.

அன்றிலிருந்து சாவி ஆணிக்குப் போகவில்லை, இடுப்புக்கு வந்தது. அடுத்த பொங்கலுக்குச் சின்னத்தை வந்தபோது நான் அறை வாசலில் நின்றிருந்தேன். பீரோக் கண்ணாடியில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டார். தன்னை அறியாமல் கை கைப்பிடிக்குப் போனது. திறக்கவில்லை. சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நாங்க என்ன களவாங்கவா வந்திருக்கோம்?"

என்னிடம் அன்று பதில் இல்லை. இன்றைக்குச் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மொழியில் ஒருவரைப் புகழ வேண்டுமென்றால் ஒளிவு மறைவு இல்லாதவர் என்கிறோம். பழகியவர் வீட்டைத் 'தாயா பிள்ளையா' இருக்கிற வீடு என்கிறோம். சந்தேகப்பட்டால் மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்கிறோம். இந்தச் சொற்களோடு வளர்ந்தவர் ஒரு பூட்டைப் பார்த்தால், அது தன் முகத்துக்கு நேரே பூட்டியதாகத்தான் நினைப்பார். விருந்தாளியின் மனம் எவ்வளவு சீக்கிரம் வாடும் என்று சொல்ல வள்ளுவர் அனிச்சப் பூவைத் தேடிப் போனார் என்றால், அது காரணமில்லாமல் இல்லை. ஆனால் விருந்தோம்பலுக்கு அவர் ஒதுக்கிய பத்துக் குறளில் சோறு இருக்கிறது, முகம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லும் குறள் ஒன்றுகூட இல்லை. அன்புக்கு ஏது தாழ் என்று அவரையே சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு. அந்தக் குறளில் அவர் பேசுவது கண்ணீரைப் பற்றி. அன்புள்ளவரின் கண்ணீரைத்தான் தாழ் போட்டு அடைக்க முடியாது. அலமாரியை அடைக்கலாம்.

மடியில் கனம் என்ற அந்தப் பழமொழியோடும் எனக்கு வழக்கு உண்டு. யார் மடியில்தான் கனமில்லை? கனம் என்றால் களவுப் பொருள்தானா? செத்துப்போன புருஷனின் கண்ணாடி, ஃபெயிலான மகனின் மார்க் ஷீட், வட்டிக்கடைச் சீட்டு, ஜோசியர் எழுதிக் கொடுத்த பரிகாரக் காகிதம், மாதவிடாய்த் துணி, எல்லாம் கனம்தான்.

இந்த விஷயத்தில் அடிக்கடி ஒரு வாதத்தைக் கேட்கிறேன். பூட்டி வைப்பது வெள்ளைக்காரன் பழக்கம், நம் வீடுகள் திறந்த வீடுகள் என்பார்கள். சாவி என்ற சொல் போர்த்துகீசியர் கொண்டுவந்தது, அலமாரியும் அப்படியே, பீரோ பிரெஞ்சுச் சொல் என்று ஆதாரமும் காட்டுவார்கள். சொற்கள் வந்த வழி உண்மைதான். அதற்கு முன்னால் நம்மிடம் திறவுகோல் இருந்ததே. யாழ்ப்பாணத்தில் இன்றும் சாவியைத் திறப்பு என்றுதான் சொல்கிறார்கள். மலையாளத்தில் தாக்கோல். தாழும் கோலும் சேர்ந்த சொல் அது. 'பூட்டு' என்பதைக் கவனியுங்கள். ஏர் பூட்டுகிறோம். வில்லில் நாண் பூட்டுகிறோம். மாட்டை வண்டியில் பூட்டுகிறோம். பூட்டுதல் என்றால் பிணைத்தல், சேர்த்து இறுக்குதல். செட்டிநாட்டில் தாலி கட்டுவதற்குப் பெயரே திருப்பூட்டுதல்.

செட்டிநாட்டைச் சொன்னேன். அங்கேதான் எனக்குப் பாதிப் பதில் கிடைத்தது.

வேலை மாற்றலில் காரைக்குடிப் பக்கம் மூன்று வருஷம் இருந்தேன். ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இடம் கொடுத்திருந்தார்கள். முகப்பு, அதைத் தாண்டினால் வளவு. திறந்த முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொன்றும் அறைக்குள் அறையாக இரட்டை அறை. ஒவ்வொன்றின் கதவிலும் கனத்த பூட்டு. ஒரே குடும்பம்தான், அண்ணன் தம்பிகள்தான். மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைத்தல்' என்று நகரத்தார் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வீட்டை விட்டு அனுப்புவது என்று நினைத்துவிடாதீர்கள். அதே வளவில் அந்த இளம் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. அதன்பின் அவர்கள் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுகிறவர்கள். ஊர்க் கோயிலுக்கு வரி கட்டுவதும் புள்ளி கணக்கில்தான். மருமகள் கொண்டுவந்த வெண்கலமும் எவர்சில்வரும் அவள் அறைக்குள் அவள் பூட்டுக்குள் இருக்கும். மாமியாரே ஆனாலும் அந்தச் சாவி மருமகளுடையது.

வீட்டுக்கார ஆச்சியிடம் ஒருநாள் சின்னத்தை கதையைச் சொன்னேன். அந்தக் கதையில் எது பிரச்சினை என்றே அவருக்குப் பிடிபடவில்லை. "சாவியை ஏன் ஆணியில மாட்டினீக?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு வளவைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "நாலு பேரு ஒரே வளவுல ஒத்துமையா இருக்கணும்னா அவுகவுக சாமானுக்கு அவுகவுக பூட்டு போடணும் டீச்சர். இல்லேன்னா என்னைக்கோ சுவரு எழும்பியிருக்கும்." அந்த வீட்டில் கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்று நூறு பேர் வந்து தங்குவார்கள். வளவில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஒருவர்கூடப் பூட்டைப் பார்த்து முகம் சுளித்து நான் கண்டதில்லை. திறந்திருக்கும் இடம் எல்லோருக்கும். பூட்டியிருக்கும் இடம் ஒருவருக்கு. இது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை.

மற்ற ஊர்ப் பழைய வீடுகளும் சின்ன அளவில் இதையே செய்தன. திண்ணை, வழிப்போக்கனுக்கு. அவன் பெயர்கூடக் கேட்காமல் படுக்க விடுவார்கள். நடை, விசாரிக்க வந்தவருக்கு. கூடம், உறவுக்கு. அதற்கு உள்ளே போக உறவிலும் நெருக்கம் வேண்டும். இந்தப் படிகளில் சாதியும் தீட்டும் காவல் நின்றன என்பதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. திண்ணையோடு சிலரை நிறுத்தியது எந்த அந்தரங்கத்தையும் காப்பாற்ற அல்ல. அந்தப் பாவம் நம் வீடுகளின் மேல் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சும். விருந்தாளி எவ்வளவு தூரம் வரலாம் என்பதை வீடே சொல்லிவிடும். வீட்டுக்காரி வாய் திறக்க வேண்டியதில்லை.

இன்றைய இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வாசல் கதவைத் திறந்தால் சோஃபா. அதில் உட்கார்ந்தவருக்கு அடுக்களை தெரிகிறது, கட்டில் தெரிகிறது, கட்டிலில் கிடக்கும் துணி தெரிகிறது. வாசலுக்கும் பீரோவுக்கும் பத்தடி. முன்பு நான்கு வாசல்கள் பங்கு போட்டுக்கொண்ட வேலையை இப்போது ஒற்றைப் பூட்டு செய்கிறது. அதனால்தான் அது அவ்வளவு கடுமையாகத் தெரிகிறது. அந்தப் பீரோவிலேயே ஆளுயரக் கண்ணாடியையும் பதித்துவிட்டோம். கோத்ரெஜ் கம்பெனி 1897இல் பம்பாயில் பூட்டு செய்ய ஆரம்பித்தது. இரும்பு அலமாரிக்கு வந்தது 1923இல். நம் ஊர்ப் பட்டறைகளும் அதைப் பார்த்துச் செய்து, கல்யாணச் சீரில் பீரோ கட்டாயமாகிவிட்டது. வீட்டிலேயே மிக அந்தரங்கமான பொருளின் முகத்தில், விருந்தாளி வந்து நின்று தலை சீவ வேண்டிய கண்ணாடி! கை கைப்பிடிக்குப் போகாமல் என்ன செய்யும்? சின்னத்தையின் கையை நான் இப்போது குறை சொல்லமாட்டேன்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். புட்டசாமி வழக்கு. அது பெரும்பாலும் அரசாங்கத்துக்கும் குடிமகனுக்கும் நடுவே உள்ள விவகாரம். சின்னத்தை மேல் வழக்குப் போட உதவாது, உதவவும் வேண்டாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். போலீஸ் உங்கள் வீட்டைச் சோதனை போட வந்தால், அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு பேரையாவது சாட்சிக்கு வைக்க வேண்டும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுத வேண்டும், அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும். இது சட்டம் விதித்த முறை. அரசாங்கமே இவ்வளவு கூச்சத்தோடு திறக்க வேண்டிய பெட்டியை, உறவுமுறை என்ற ஒரே அனுமதிச்சீட்டோடு நாம் திறந்துவிடுகிறோம். இன்னொரு தீர்ப்பு 1985இல் வந்தது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த சீதனம் அவளுடைய முழுச் சொத்து, புகுந்த வீட்டில் இருப்பதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த ஆச்சி எந்தத் தீர்ப்பையும் படிக்காமல் சொன்னதுதான்.

நகைக்குத்தான் பூட்டு என்று நாம் நினைக்கிறோம். நகைக்கு பேங்க் லாக்கர் இருக்கிறது. அங்கே உங்கள் சாவி, பேங்க்காரர் சாவி, இரண்டும் போட்டால்தான் திறக்கும். அதை அவமானம் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுப் பூட்டு பெரும்பாலும் விலையில்லாத பொருளுக்குத்தான். எனக்கு மிக நெருங்கிய ஒரு பெண், பெயர் வேண்டாம், மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை இரண்டு வருஷம் சாப்பிட்டாள். நன்றாகிவிட்டாள். வீட்டுக்கு வந்த ஒரு உறவினர் தலைவலித் தைலம் தேடி இழுப்பறையைத் திறந்தார், அட்டையின் பெயரைப் படித்தார், போனில் தேடிப் பார்த்தார். அந்த மாதம் வந்த வரன் தானாக நின்றது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்க மருத்துவமனையைக் கட்டுப்படுத்துகிறது. இழுப்பறையைத் திறந்த கையை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தும்? ஒரு பத்து ரூபாய்ப் பூட்டு கட்டுப்படுத்தியிருக்கும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிற பெண். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மோதிரம் காணாமல் போனது. அன்று வீட்டில் விருந்தாளி ஆறு பேர். ஆறு பேரில் ஒருவரைப் பார்த்து யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. வேலைக்காரப் பெண்ணின் சுருக்குப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். நான்காம் நாள் மோதிரம் பீரோ டிராயருக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அந்தப் பெண்தான் எங்கள் வீட்டிலும் பாத்திரம் தேய்த்தார். மறுநாள் வந்ததும் என்னிடம், "டீச்சர், எல்லாத்தையும் பூட்டி வச்சுக்கங்க. சாவியை என் கண்ணுல காட்டாதீங்க" என்றார். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்கும் வசதி சின்னத்தைக்கு இருந்தது. இவருக்கு இல்லை. பூட்டு இருந்தால்தான் இவர் நிம்மதியாக வேலை செய்ய முடியும்.

சரி, பூட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் தவறு செய்த இடம் அது. விருந்தாளி கண் முன்னால் பூட்டாதீர்கள். அவர் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டால், அதற்குப் பிறகு நீங்கள் போடும் இலையில் பாயசம் இருந்தும் பயனில்லை. பூட்டுவது தினப்படி வழக்கமாக இருக்கட்டும், ஆள் வந்ததால் வந்த வழக்கமாக இருக்க வேண்டாம். பூட்டியதற்கு ஈடாக ஒன்றைத் திறந்து வையுங்கள். துவாலை, சோப்பு, சீப்பு, போர்வை, தைலம், சார்ஜர், ஒரு செம்புத் தண்ணீர், எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, இது உங்களுக்கு என்று வந்தவுடனே காட்டிவிடுங்கள். சின்னத்தைக்கு அன்று கைக்கெட்டும் இடத்தில் ஒரு துவாலை இருந்திருந்தால் என் அம்மா கடைசிவரை அந்த 60 ரூபாயை வாங்கியிருப்பார். இந்தக் கணக்கை நான் மனசுக்குள் எத்தனை முறை போட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

உங்கள் ஊரில் செய்த ஒரு பூட்டைப் பார்த்திருக்கிறேன். சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும். மாங்காய்ப் பூட்டின் பெயர் எல்லோருக்கும் தெரியும்; 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனக்குப் பிடித்தது மணிப் பூட்டு. யார் வேண்டுமானாலும் திறந்துகொள், ஆனால் திறப்பது எனக்குத் தெரிய வேண்டும் என்கிறது அது. அலிகரிலிருந்து மலிவாக வந்து குவிந்த மெஷின் பூட்டுகள் இங்கே பட்டறை பட்டறையாக மூட வைத்ததில், இந்த மாதிரி நுட்பமும் கைவிட்டுப் போகிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சின்னத்தையை அதற்குப் பிறகு எத்தனையோ விசேஷங்களில் பார்த்தேன். பேசிக்கொள்வோம். பீரோவைப் பற்றிப் பேசியதில்லை. அவர் கணவர் இறந்த பிறகு ஊர் வீட்டை விற்றுவிட்டார்கள். மூன்று மகன்கள். நாலு நாலு மாதம் ஒவ்வொருவர் வீட்டிலும் என்று ஏற்பாடு. ஒரு ரெக்சின் பையோடு போவார், வருவார். ஆறு வருஷத்துக்கு முன், ஒரு மகன் வீட்டிலிருந்து இன்னொரு மகன் வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினார். அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்தார்.

இரண்டாம் நாள் மதியம், என் கணவர் தூங்கிய பிறகு, அடுக்களைக்கு வந்து நின்றார். "ஏத்தா, இந்தப் பைக்கு ஒரு பூட்டு கிடைக்குமா? பேரன் பேத்திக எல்லாம் உள்ள கையை விட்டுத் துழாவுதுக. மருமகளுகளும் துணி மடிச்சு வைக்கிறேன்னு எடுக்குதுக. தப்பாச் சொல்லல. பாசமாத்தான் இருக்குதுக."

என் அறையில் சுவரோடு பதித்த சின்ன மர அலமாரி ஒன்று உண்டு. காலி செய்து கொடுத்தேன். அதன் பூட்டு இந்த ஊரில் வாங்கியது. சாவியை அவர் கையில் வைத்தேன். உள்ளே என்ன வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. வைக்கும்போது அறைக்கு வெளியே வந்துவிட்டேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தப் பத்து நாளும் அந்த முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. "சாவி முந்தானையிலேயே வந்துருச்சு ஆத்தா. யாரு கையிலயாவது குடுத்து விடவா?"

"உங்ககிட்டேயே இருக்கட்டும் அத்தை. திரும்பி வரும்போது வேணும்ல" என்றேன்.

அவர் திரும்பி வரவில்லை. மறு வருஷம் காலமானார். காரியம் முடிந்த பிறகு அவர் நடு மகன் அந்தச் சாவியை என்னிடம் கொடுத்து, இது எதுக்கு என்று தெரியவில்லை, அம்மா உங்களிடம் சேர்க்கச் சொன்னது என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த அலமாரியைப் பார்த்து, இது ஏன் பூட்டியே கிடக்கிறது என்று கேட்பார்கள். அது சின்னத்தையுடையது என்று சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். இன்னும் நான் திறக்கவில்லை.